ஒரு தட்டு, இரண்டு தட்டு

பிற்பகல் மூன்று மணி பதினேழு நிமிடம். காரின் மணிக்கூடு அப்படித்தான் காட்டியது. நான் முதலில் கண்டது வீதியின் வலது ஓரத்தில் போட்டிருந்த வெள்ளைக் கோடுதான். மூடுபனிக்குள் அது எங்கள் முன்சில்லுக்கு அப்பால் ஓரடி தூரம் ஓடி, கத்தரித்து எடுத்ததுபோல் முடிந்திருந்தது. அதற்கு அங்கால் கோடும் இல்லை, தாரும் இல்லை. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

இதைச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதிப்பேர் தலையாட்டுவார்கள், மீதிப்பேர் தேநீர்க் கோப்பைக்குள் பார்ப்பார்கள். நீங்கள் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியாது. நானும் கோப்பைக்குள் பார்க்கிற சாதிதான். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் ஒரு பத்திரிகையில் வேலை செய்தேன். மாதா சுரூபம் கண்ணீர் விட்டதைக் கண்டவர்கள், புளியமரத்தடியில் வெள்ளைச் சீலையைக் கண்டவர்கள் எல்லாம் அலுவலகத்துக்கு வருவார்கள். எத்தனை மணிக்கு, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, கூட யார் நின்றது என்று மூன்று கேள்வி கேட்பேன். மூன்றாவது கேள்வியோடு பெரும்பாலும் கதை எழும்பிப் போய்விடும். ஆகவே எனக்கு நடந்ததையும் அந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

என் கணவர் அன்ரன் அந்த நாட்களில் யாழ்ப்பாணம் – பருத்தித்துறை மினிபஸ் ஓட்டியவர். கொண்டக்டராக இருந்தவர் மரியதாஸ் அண்ணை, அன்ரனை விடப் பத்து வயது மூத்தவர், கோபம் வராத மனிதர். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, கையில் வைத்திருக்கும் நாணயக் குத்தியால் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. அன்ரன் திரும்பிப் பார்ப்பதில்லை. தட்டுத்தான் அவருக்குக் கண்.

தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இடப்பெயர்வில் அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். சாரதி ஆசனத்துக்கு நேர் பின்னால். சனத்துக்குள் பஸ் அசையவில்லை. வழியெடுக்க மரியதாஸ் அண்ணை இறங்கினார். சிறிது நேரத்தில் அன்ரன் பஸ்ஸை எடுத்தார். நாற்பது மீற்றர் போனபின்தான் கண்ணாடியில் மிதிபலகை வெறுமையாக இருப்பதைக் கண்டார். நிறுத்த முடியவில்லை, பின்னால் ஆயிரம் பேர். அதற்குப் பிறகு மரியதாஸ் அண்ணையை யாரும் காணவில்லை. அவருடைய வீட்டாருக்கும் இன்றுவரை தகவல் இல்லை.

அன்றிரவு அன்ரன் என்னிடம் கேட்டார்.

"ஜெசி, ரெண்டு தட்டுக் கேட்டதுதானே?"

"எனக்குக் கேக்கேல்லை," என்றேன்.

உண்மை அதுதான். குழந்தைகள் அழுத சத்தம் கேட்டது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. தட்டுக் கேட்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம் என்று பிறகு என் தங்கச்சி சொன்னாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர் அதே கேள்வியை வருடத்தில் ஒன்றிரண்டு முறை கேட்பார், நானும் அதே பதிலைச் சொல்வேன். அதன் பிறகு அவர் எந்த வாகனத்தின் ஸ்டியரிங்கிலும் கை வைக்கவில்லை.

மொன்றியலுக்கு வந்தபின் கியூபெக் லைசென்ஸ் எடுத்தார். அந்தச் சோதனைக்கு ஓட்டோமற்றிக் காரைத் தொட்டதோடு சரி. லாசாலில் எங்கள் வீட்டிலிருந்து ஜான்-டலோன் சந்தைக்கு பஸ், மெத்ரோ, பிறகு நடை. ஒன்பது வருடம் அப்படித்தான். சந்தையில் நீனோ என்ற இத்தாலியக் கிழவரின் மரக்கறிக் கடையில் வேலை. நீனோ இத்தாலியின் மொலிசே மலைப்பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். தமிழ் வாடிக்கையாளர்கள் அன்ரனைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். மற்றதெல்லாம் இத்தாலியனும் பிரெஞ்சும் கலந்தது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு நீனோவின் கண்ணில் படலம் விழுந்து, வாகனம் ஓட்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைக்கு உயிரே அந்த வான் வண்டிதான். விடிய முன்னம் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சாமான் ஏற்றிவர வேண்டும். நீனோ எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"அண்ணை வானை எடுத்தால் கடையை அண்ணைக்குக் கொடுக்கிறேன். எடுக்காவிட்டால் ஒக்டோபரில் என் மருமகன் விற்கிறான். மாம்பழத்தைத் தொட்டு அது எந்த நாடு என்று சொல்கிற மனிதன், ஒரு வானை வீதியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வைக்க மாட்டேன் என்கிறான். இது என்ன விரதம்?"

அன்ரன் தக்காளிப் பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

நீனோ என் பக்கம் திரும்பி ஒரு சாவியை நீட்டினார். ஊரில் அவருடைய தாய் தகப்பனின் வீடு சும்மா கிடக்கிறதாம். செப்டெம்பரில் ஒரு கிழமை போய் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். இது வெளிக்கதவுச் சாவி, உள்கதவுச் சாவி பக்கத்து வீட்டுக் கொன்சேத்தாவிடம்.

"அந்த ஊருக்கு பஸ் இருக்கோ?" என்று அன்ரன் கேட்டார்.

"இருக்கிறதே. ஒரு நாளைக்கு ஒன்று. பின்னேரம் ஐந்து மணிக்கு. ஊரிலிருந்து வெளியே போகிறது."

கிழவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் சாவியை வாங்கிக்கொண்டேன். மொன்றியலில் நான்தானே கார் ஓட்டுகிறேன், அங்கேயும் நான் ஓட்டினால் போயிற்று என்று நினைத்தேன். மகளைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம்.

ரோமில் வாடகைக் கார் கொடுக்கும் இடத்தில் முதல் இடி. நான் பதிந்து வைத்தது ஓட்டோமற்றிக். அவர்களிடம் அன்று இருந்தது கியர் போடும் சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்றுதான். பழைய பழக்கத்தில் காரைச் சுற்றி நான்கு பக்கமும் படம் எடுத்தேன். படிவத்தில் "பழுது: இல்லை" என்று எழுதி இருவரும் சாரதிகள் என்று கையெழுத்து வைத்தோம். பிறகு நான் ஏறினேன். வாசலைத் தாண்ட முன்னம் நான்கு தடவை எஞ்சின் நின்றது.

"கிளச்சை மெல்லமா விடும்."

"மெல்லமாத்தான் விடுறன்."

"இதுக்குப் பேர் மெல்லமில்லை, ஜெசி. பின்னாலை நிக்கிறவன் கையெடுத்துக் கும்பிடுறான்."

ஐந்தாவது தடவையும் நின்றது. அன்ரன் கொஞ்ச நேரம் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேறு வழியில்லை. கொன்சேத்தா ஐந்து மணி பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார், அதற்குள் போகாவிட்டால் தங்க இடமில்லை.

"இறங்கும்," என்றார்.

அந்த லைசென்ஸ் சோதனையை விட்டால், பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் சாரதி ஆசனத்தில் இருந்தார். இலங்கையில் ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடது கைக்கு. இங்கே எல்லாம் மாறி. அவருடைய இடது கை கியரைத் தேடிப்போய்க் கதவில் முட்டியது. பிறகு வலது கையால் போட்டார். கார் அசைந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக எழும்பியது.

பெருந்தெருவில் பிரச்சினை இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு ஒன்று தெரிந்தது. கியரும் கிளச்சும் அகப்பட்டவுடன் அவருடைய உடம்பு பருத்தித்துறை வீதிக்குப் போய்விட்டது. வீதியின் இடப்பக்கத்தைப் பிடிக்கிறார். எதிரே வாகனம் இல்லாத இடமெல்லாம் கார் தானாக இடது கரைக்குப் போகிறது.

"இஞ்சருங்கோ, வலப்பக்கம்."

"ஓம்."

அடுத்த வளைவில் மறுபடியும்.

"வலப்பக்கம்."

"ஓம் எண்டிறன். நீர் என்ன கோயில் மணியோ, ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா அடிக்கிறீர்?"

இரண்டு மணி நாற்பதுக்கு ஒரு பாலத்தைக் கடந்தோம். நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன், ஊருக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதற்காக. முந்தின இரவு பெய்த மழையில் கற்கள் உருண்டு கிடந்தன. பாலத்துக்கு மேலே மூடுபனி தொடங்கியது. இடது கைப்பக்கம் மலைச்சுவர், வலது கைப்பக்கம் பள்ளத்தாக்கு. அன்ரன் மலைச்சுவரோடு ஒட்டி, இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்தில் போனார். எதிரே ஏதாவது லொறி வந்தால் நேருக்கு நேர்.

"வலப்பக்கம் எடுங்கோ," என்றேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் சொன்னேன்.

அவர் எடுத்தார். கார் வலது கரைக்கு வந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் இருக்கும்.

தட்டுக் கேட்டது. ஒன்று.

தகரத்தில் உலோகம் படுகிற சத்தம். கல் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும், அதற்கு முன் அரை மணித்தியாலமாகச் சில்லுக்குள் கல் தெறித்துக்கொண்டுதான் இருந்தது. இது அதல்ல. இடது பக்கம், பின்னால், சுத்தமாக ஒன்று. நான் தலையைத் திருப்ப முன்னமே கார் நின்றுவிட்டது. முன்னால் எதையும் கண்டு அவர் நிறுத்தவில்லை, காண ஒன்றும் இல்லை. பிறகு கேட்டபோது, "தட்டினா நிக்கிறது. அதுக்கு யோசிக்கிறேல்லை," என்றார்.

அப்போதுதான் வெள்ளைக் கோட்டைக் கண்டேன். மூன்று பதினேழு.

வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது.

"கேட்டதோ?" என்றார் அன்ரன். என் பக்கம் திரும்பவில்லை. பதினொரு வருடமாகக் கேட்ட அதே குரல்.

"கேட்டது."

"எங்கை?"

"பின்னாலை. உங்கடை பக்கம். ஒண்டு."

அவர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தார். நான் இறங்கினேன். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு, நான் முதலில் செய்தது காரைச் சுற்றிப் பார்த்ததுதான். ஒருவரும் இல்லை. மலைச்சுவர் செங்குத்து, ஏறி மறைய இடமில்லை. ஓடிப்போயிருந்தால் நனைந்த வீதியில் கால்ச்சத்தம் கேட்டிருக்கும். "யாரங்கே" என்று ஆங்கிலம், பிரெஞ்சு, தெரிந்த கொஞ்ச இத்தாலியன் என மூன்று மொழியில் கூப்பிட்டேன். தமிழில் கூப்பிடவில்லை, அது இன்றைக்கும் மனதில் இருக்கிறது.

வீதியின் வலது பாதி, பஸ் ஒன்றின் நீளத்துக்கு, பள்ளத்தாக்குக்குள் போயிருந்தது. இடது பாதி மிஞ்சியிருந்தது. அடி வைத்து அளந்தேன். என் பாதத்தால் ஒன்பது. காரை அளந்தேன், ஏழு. திரும்பி வரும்போதுதான் மற்றதைக் கண்டேன். இடிந்த இடத்திலிருந்து ஒரு வெடிப்பு எங்கள் காருக்கு அடியால் பின்னுக்கு ஓடியிருந்தது. ஒரு விரல் போகும். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதன் விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் கற்கள் உள்ளே விழுந்தன.

"பின்னுக்கு எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"இந்த மூடுபனிக்குள்ளை, இந்த வளைவுகளிலை, பின்னுக்கோ?" அவர் கண்ணாடியை இறக்கி வெடிப்பைப் பார்த்தார். "ஒரு கார் அளவு பின்னுக்கு எடுத்து, இடப்பக்கத்தாலை விடலாம். நீர் முன்னுக்கு நடந்து போம். நான் வாறன்."

"நான் ஏறுறன்."

"ஜெசி, சொல்லுறதைக் கேளும்."

"பஸ்ஸிலையும் நான் பின்னாலைதான் இருந்தனான்," என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அவர் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார். பிறகு மலைச்சுவர்ப் பக்கத்து இடது கண்ணாடியை உள்ளுக்கு மடித்தார். முதலாவது கியரைப் போட்டார். கிளச்சில் கால் அப்படியே நின்றது. விடவில்லை. அவருடைய கழுத்து நரம்பு எழும்பி நின்றதைப் பார்த்தேன். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்று இல்லை, நீங்கள் போங்கோ என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

இரண்டு தட்டு.

முதல் கேட்ட அதே இடம். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு கண்ணிமை நேரம்.

கார் எழும்பியது. என் பக்கம் கீழே பார்த்தால் வெள்ளை மட்டும்தான். அவருடைய பக்கம் மலைச்சுவர் கதவைத் தொட்டும் தொடாமலும் வந்தது. ஒரு சில்லுகூட வழுக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்திருந்தார் என்றால் நம்புவீர்களோ தெரியாது. அந்தப் பக்கம் ஏறி, இரண்டாவது கியர் விழுந்து, வளைவைத் தாண்டியபின், பின்னால் ஏதோ பெரிதாகச் சரிகிற சத்தம் வந்தது.

அன்ரன் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே, மரியதாஸ் அண்ணையின் மூக்குக் குரலில், "இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர்" என்று கூவினார். "வல்லை இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ, மிச்சச் சனம் உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்கு வெறுமையாக் கிடக்கு." நானும் சேர்ந்துதான் கூவினேன். ஊர்ப்பேர் கூவி நெல்லியடிக்கு வருவதற்குள் மூடுபனிக்கு மேலே வந்துவிட்டோம். வெயில் அடித்தது. மலை முழுக்க எங்களுக்குக் கீழே இருந்தது.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஊருக்குள் நுழைந்தோம். கொன்சேத்தா சாவியோடும் பயணப் பையோடும் வாசலில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, நாங்கள் வந்த வீதியைப் பார்த்தார். எந்த வழியால் வந்தீர்கள் என்று கேட்டார். அன்ரன் பதில் சொன்னார். எதிரே காப்பிக்கடையில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் எழும்பி வந்துவிட்டார்கள். காரணம் வீதி மட்டுமல்ல. அன்ரனுக்குத் தெரிந்த இத்தாலிய மொழி முழுக்க நீனோவிடம் படித்தது, அது ஐம்பது வருடத்துக்கு முந்தின அந்த ஊர்ப் பேச்சு. ஒரு கறுத்த மனிதர் வந்து இறங்கி, செத்துப்போன தங்கள் பெரியவர்களின் பேச்சைப் பேசினால் யார் சும்மா இருப்பார்கள்? ஒருவர் மறுபடி சொல், மறுபடி சொல் என்று அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

வீதி மத்தியானமே உடைந்திருக்கிறது. பொலிஸ்காரர் பாலத்தடியில் தடுப்புப் போட்டது மூன்று மணிக்கு. என் குறிப்புப் புத்தகத்தில் நாங்கள் பாலத்தைக் கடந்தது இரண்டு நாற்பது. இரண்டு பேர் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இப்போது ஓர் ஆடு போகிற அகலம்கூட இல்லை என்றார்கள். அன்றைக்கு பஸ்ஸும் வரவில்லை. கொன்சேத்தா பையை உள்ளே வைத்துவிட்டு அடுப்பை மூட்டினார்.

காப்பிக்கடை மேசையில் அன்ரன் போத்தலை மலையாகவும் கத்தியை வீதியாகவும் வைத்து எப்படி வந்தோம் என்று காட்டினார். தீப்பெட்டிதான் கார். மூன்று தடவை காட்டவேண்டி வந்தது. நிற்கச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார்.

"என்னுடைய கொண்டக்டர்," என்றார் அன்ரன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எனக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள்.

அந்தக் கிழமை முழுக்க அவர்தான் ஓட்டினார். மறுபக்க வீதியால் இறங்கி, கடல் பார்க்கப் போனோம், சும்மா மலை ஏறி இறங்கினோம். இடப்பக்கம் போகிற பழக்கம் இரண்டாம் நாளோடு நின்றது. நான் ஒருமுறையும் வாய் திறக்கவில்லை.

மொன்றியலுக்கு வந்த மறுநாள் விடிய அவர் நீனோவின் வானை எடுத்தார். சாமான் ஏற்றிக்கொண்டு ஜான்-டலோன் சந்தைக்கு வந்து, இரண்டு லொறிகளுக்கு நடுவே ஒரே வெட்டில் பின்னுக்கு விட்டு நிறுத்தினார். நீனோ படலம் விழுந்த கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம், "என் ஊர் வீதிதான் பழக்கியது," என்றார். ஒக்டோபரில் கடை கைமாறியது. பலகையில் நீனோவின் பெயருக்குக் கீழே அன்ரனின் பெயரும் இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்துக்கு வானில்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள், கத்தரிக்காய் மணக்கிறது என்றால் கேட்கிறாளில்லை.

இரண்டு தட்டுக் கேட்டதுதானே என்று அவர் அதன் பிறகு என்னிடம் கேட்டதில்லை. அன்றைக்கு இடப்பெயர்வில் கேட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. மலையில் கேட்டதைச் சொல்லிவிட்டேன். நேரம் சொன்னேன், வெளிச்சம் சொன்னேன், கூட நின்றவரைச் சொன்னேன்.

ரோமில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது, கார் கொடுத்த அதே இளைஞன் சுற்றிப் பார்த்துப் படிவத்தை நிரப்பினான். காப்புறுதி இருக்கிறது, காசு வேண்டாம் என்றான். அந்தப் படிவம் என் மேசை லாச்சியில், எடுத்த நாள் படங்களோடு இருக்கிறது. படங்களில் காரின் இடப்பக்கம் வழுவழுப்பாக இருக்கிறது. படிவத்தில், இடது பின்சில்லுக்கு மேலே, சின்னக் குழி என்ற இடத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறது. அவன் காட்டியபோது நானும் பார்த்தேன், ஒன்று தனியாக. மற்ற இரண்டும் ஒரு விரலிடை தள்ளி, பக்கத்துப் பக்கத்தில்.